பட்டியலில் சோமாவதியக்கா

14 ஒக்ரோபர் 1988, வெள்ளி

விடிந்ததிலிருந்து மழை. குடைக் கம்பி ஒன்று உடைந்துவிட்டது. வாங்க வேண்டியவை: குடை, லீக்ஸ், அம்மாவின் இருமல் மருந்து, கோடு போட்ட தாள்.

நேற்று மாலை வகுப்பில் கட்டுரைத் தலைப்புத் தந்தார்கள். வாக்களிக்கும் உரிமையை அமெரிக்க அரசியலமைப்பு தன் குடிமக்களுக்கு உறுதிசெய்கிறதா? ‘ஓம்’ என்று எழுதிவிட்டு மிச்சப் பக்கங்களை எதால் நிரப்புவது என்று யோசித்தபடி சப்வேயில் வந்தேன்.

இன்று மதிய இடைவேளையில் நூலகத்தில் முழுவதையும் வாசித்தேன். அலுவலகத்தில் நான் கோப்பில் அடுக்கும் வீட்டுக் காப்புறுதிப் பத்திரங்கள் சில இதைவிட நீளம். தேடிய வசனம் இல்லை. இரண்டாம் தரமும் பார்த்தேன். ‘ஒவ்வொரு குடிமகனும் வாக்களிக்கலாம்’ என்று எங்கும் இல்லை.

16 ஒக்ரோபர், ஞாயிறு

தலை முழுக்கு. உடுப்புத் தோய்க்கக் கீழே போனால் எல்லா மெஷினிலும் ஆள். காத்திருந்த நேரத்தில் குறிப்பு:

முதலில் எழுதியபோது – யார் வாக்களிப்பது என்பதை மாநிலங்களிடமே விட்டுவிட்டார்கள்.
15ஆம் திருத்தம் – இனம், நிறம், முன்பு அடிமையாய் இருந்தது காரணமாக மறுக்கக் கூடாது.
19 – பெண் என்பதற்காக.
24 – வரி கட்டவில்லை என்பதற்காக. (மத்திய தேர்தலில் மட்டும்.)
26 – பதினெட்டு ஆனவருக்கு, வயதைக் காட்டி.

எல்லாம் ‘மறுக்கக் கூடாது’. ‘தருகிறோம்’ ஒன்றுமில்லை. முதலில் ஏமாற்றம். பிறகு ஒன்று பிடித்துவிட்டது. ‘குடிமக்களின் வாக்களிக்கும் உரிமை’ என்றுதான் ஒவ்வொரு திருத்தமும் தொடங்குகிறது. ஒருவரும் கொடுத்ததாக எழுதாத ஒன்று, ஏற்கெனவே அவர்களுடையது போல. அந்த எழுத்தில் ஒரு கம்பீரம்.

இங்கே கனடாவின் சாசனத்தில் மூன்றாம் பிரிவே அதுதான். ஒவ்வொரு குடிமகனுக்கும் வாக்குரிமை உண்டு. சுத்தமான வசனம். போன மார்ச்சிலிருந்து அந்த ‘ஒவ்வொரு’வுக்குள் நானும் அம்மாவும் இருக்கிறோம். நவம்பர் 21 எங்கள் முதல் வாக்கு.

ஆனால் குடிமகன் யார் என்று எழுதுவதும் அதே கைகள்தான். இலங்கையில் மலைநாட்டுத் தோட்டத் தமிழரிடம் முதலில் குடியுரிமையை எடுத்தார்கள். வாக்கும் அதோடு போனது.

18 ஒக்ரோபர், செவ்வாய்

தேர்தலுக்கு முன் இங்கே இரண்டிரண்டு பேராக வீடு வீடாக வந்து வாக்காளர் பெயர் எழுதுவார்கள். இன்று எங்கள் பதினாலாம் மாடி. நான் வேலையில்.

“ரெண்டு பொம்பிளையள் வந்தவை. பேர் கேட்டினம்,” என்றார் அம்மா, லீக்ஸ் வெட்டிக்கொண்டு.

“சொன்னனீங்களோ?”

“ஓம் ஓம். சொல்லி அனுப்பிப்போட்டன்.”

நம்ப முடியவில்லை. கீழே அழைப்பு மணிப் பலகையில் எங்கள் பெயரைப் போட இன்றுவரை விடாதவர். ஐந்து வருடமாக அதில் இருப்பது எங்களுக்கு முந்தி இந்த வீட்டில் இருந்த யாரோ ஒரு ‘கோவாக்ஸ்’. சந்தோஷத்தில் நானே தேத்தண்ணீர் போட்டேன்.

20 ஒக்ரோபர், வியாழன்

வகுப்பு. கூடப் படிக்கும் தெல்மாவோடு கோப்பி. அலபாமாக்காரி, கறுப்பர், வயது நாற்பது இருக்கும், ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. இருபது வருடமாக இங்கே இருந்தாலும் அமெரிக்கக் குடியுரிமையை விடவில்லை. வாக்கைத் தபாலில் அனுப்புகிறார்.

திருத்தங்களின் அழகைப் பற்றி நான் பேசப் பேசச் சிரித்தார். “நீ அதை வாசித்திருக்கிறாய். என் அம்மா அதை ஒப்புவித்திருக்கிறார்.” அவருடைய அம்மா வாக்காளராகப் பெயர் பதியப் போன இடத்தில், அரசியலமைப்பில் ஒரு பந்தியை ஒப்புவித்து விளக்கம் சொல்லச் சொன்னானாம் எழுதுவினைஞன். சொன்னார். பிழை என்றான். அவர் துணி துவைத்துக் கொடுத்த இரண்டு வீடுகள் அடுத்த நாளே இனி வரவேண்டாம் என்றன. பெயரைக் கொடுத்தால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். இருந்தும் திரும்பத் திரும்பப் போனார். நாலாம் தரம் பதிந்தார்கள்.

“நாலு தரமும் ஒரே தொப்பி,” என்றார் தெ. “இல்லாவிட்டால் ஆளை மறந்துவிடுவார்களாம்.”

வீடு வரும்வரை அந்தத் தொப்பிதான் நினைவில்.

26 ஒக்ரோபர், புதன்

முதல் பனித்தூறல், நிலத்தில் நிற்கவில்லை. தபாலில் பட்டியல் வந்தது. 1407ஆம் இலக்கத்தில் இரண்டு பேர்: சோமாவதி. மாலினி.

நாங்கள் இல்லை.

சோமாவதியக்கா கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண். மாலினி அவருடைய மகள். எண்பத்துமூன்று யூலைக் கலவரத்தில், தமிழர் வீடுகளைத் தேடிக் கையில் வாக்காளர் பட்டியலோடு வந்தவர்களிடம், இரண்டு வீடும் தன்னுடையதுதான் என்று படலையை மறித்துக்கொண்டு சொன்னவர். நானும் அம்மாவும் அவருடைய குளியலறையில் நின்றோம். எங்கள் பெயரை அவர்கள் உரத்து வாசித்தது கேட்டது.

“அம்மா, என்ன செய்து வைச்சிருக்கிறீங்கள்?”

“வேறை பேர் வாயில வரேல்லை, பிள்ளை.”

பக்கத்து வீட்டு மகேஸ் அன்ரி சீனி வாங்க வந்து, கதை கேட்டு, விழுந்து விழுந்து சிரித்தார். “சோமாவதி, எனக்கும் ஒரு தேத்தண்ணி போடுங்கோ.” அம்மாவும் சிரித்தார். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

திருத்தக் கடைசி நாள் நவம்பர் 4, வெள்ளி. அதற்குப் பிறகு பட்டியலில் இல்லாதவருக்கு வாக்கு இல்லை. சாசனத்தின் மூன்றாம் பிரிவு என்ன சொன்னாலும்.

30 ஒக்ரோபர், ஞாயிறு

மணிக்கூட்டை ஒரு மணி பின்னுக்கு வைத்தாயிற்று. நான் போனால் அம்மாவின் பெயரையும் எழுதுவார்கள் போல. செய்ய மாட்டேன். அவருக்குத் தெரியாமல் நான் எழுதினால் அதுவும் யாரோ எழுதிய பட்டியல்தான்.

மத்தியானம் சாப்பிடும்போது தெ.யின் அம்மா கதையைச் சொன்னேன். வேண்டுமென்று இல்லை. (கொஞ்சம் வேண்டுமென்றுதான்.)

“அந்த மனுசிக்குப் பயமில்லையோ?”

“இருந்திருக்கும்.”

“எத்தினை தரம் போனவ?”

“நாலு.”

அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “துணி துவைக்கிற வேலையும் போச்சு, என்ன?”

“ஓம்.”

கோழிக்குழம்பில் உப்புக் கூடிவிட்டது.

4 நவம்பர், வெள்ளி

அலுவலகத்தில் அரை நாள் லீவு. நான் சப்பாத்துப் போடும்போது அம்மா அறையிலிருந்து வந்தார். குடியுரிமை நேர்காணலுக்குக் கட்டிய நாவல் நிறச் சேலை, மேலே கோட். குடியுரிமை அட்டை பொலித்தீன் பையில்.

“நட. பஸ் போயிடும்.”

பள்ளிக்கூட மண்டபம். மேசையில் வெள்ளை மயிர்க் கிழவர். பெயர் கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. அம்மா வாசலை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார். இராசலட்சுமி. தன் பெயரும் அப்பாவின் பெயரும், எழுத்து எழுத்தாக, ஆங்கிலத்தில், பிழையில்லாமல். வீட்டில் சொல்லிப் பார்த்திருக்கிறார். எப்போது என்று தெரியவில்லை. அவருக்குப் பிறகு என் பெயரைச் சொன்னேன்.

“அப்படியென்றால் இந்தச் சோமாவதி அங்கே இல்லையா?”

“நோ. ஷீ இன் கொழும்பு. வெரி குட் லேடி.”

கிழவர் தலையாட்டிவிட்டு இரண்டு பெயரையும் ஒரு கோட்டால் வெட்டினார். அம்மாவின் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை.

பஸ்ஸில்: “அவவின்ர பேரை வெட்டுவிச்சுப்போட்டன்.”

13 நவம்பர், ஞாயிறு

கட்டுரை முடிந்தது, பதினொரு பக்கம். என் முடிவு: நேராக உறுதிசெய்யவில்லை. மறுப்பதற்கான காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிடுகிறது. இன்னும் எத்தனை மிச்சம் என்று தெரியாது. ஆனால் எடுத்த ஒவ்வொன்றின் பின்னாலும் பெயரைச் சொல்லப் போய், திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி போனவர்கள். அப்படி மனிதர்களுக்கு இடம்விட்டுத் திருத்தத் திருத்த வளர்ந்த பத்திரத்தை நான் மதிக்கிறேன் என்று எழுதினேன். ‘மதிக்கிறேன்’ கட்டுரைக்குப் பொருந்தாது என்பார் ஆசிரியர். வெட்டவில்லை.

தெ. போன கிழமை சொன்னது: வாக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததாம். யாருக்கு என்று கேட்டேன், சொல்லவில்லை. “அதுதானே இரகசிய வாக்கு.”

21 நவம்பர், திங்கள்

காற்று, குளிர். வேலை முடிந்து ஓடி வந்தேன். அம்மா லொபியில் கோட்டோடு தயார். மகேஸ் அன்ரி: “யாருக்குப் போடப்போறீங்கள், சோமாவதி?” அம்மா: “என்ர பேர் இராசலட்சுமி. மிச்சத்தை உமக்குச் சொல்லமாட்டன்.”

வரிசையில் இருபது நிமிடம். பட்டியல் வைத்திருந்த பெண் அம்மாவின் பெயரை உரத்து வாசித்தாள். உச்சரிப்பு எங்கேயோ போனது. அம்மாவின் கை என் கோட்டுக் கையைப் பிடித்தது. பிறகு விட்டது.

“யெஸ்.”

நான் போட்டு முடித்தும் அவர் மறைப்புக்குள் நெடுநேரம் நின்றார். வெளியே வந்து பெட்டியில் சீட்டு விழும்வரை பார்த்தார். அந்தப் பெண் அடிமட்டம் வைத்து அம்மாவின் பெயரின் மேல் கோடு போட்டாள்.

“ஏன் என்னை வெட்டினவள்?”

“போட்டாச்சு எண்டதுக்கு, அம்மா.”

“அப்ப சரி.”

லிஃப்றில் பதினாலாம் மாடி. கதவைத் திறந்தவுடன், கோட்டைக்கூடக் கழற்றாமல்: “ஏரோகிராம் கிடக்கோ? சோமாவதியக்காவுக்கு எழுது. என்ர பேரிலதான் போட்டனான் எண்டு.”