தொப்பி மட்டும் கிடைத்த கொலை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் பிள்ளைகளும் சுகம். சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன.

உன் கடிதம் வந்தது. வெறும் வாக்குமூலத்தை வைத்து இனி யாரையும் தண்டிக்க முடியாது, அதை உறுதிசெய்ய வேறு சாட்சியமும் வேண்டும் என்று சட்டம் வரப்போகிறதாம். சட்டக் குழுவில் அதை நகலெடுப்பது நீதானாம். சந்தோஷப்படு என்கிறாய். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உன் அத்தான் என்ன தப்புச் செய்தார்? நில அளவைக்காரன் ஒருவனுக்கு ஆறு வருஷம் அளவுச் சங்கிலி பிடித்தார். அந்த ஆள் ஒருநாள் காணாமல் போனான், ஆற்றங்கரையில் தொப்பி கிடந்தது. கடைசியாகக் கூடப் போனவர் என்று இவரைப் பிடித்தார்கள். நாலு நாள் தூங்கவிடாமல் நிற்கவைத்தார்கள். ஐந்தாம் நாள், "நான்தான் தள்ளிவிட்டேன், விடுங்க, தூங்கணும்" என்றாராம். தூங்கணும் என்றதை மட்டும் யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

ஆற்றில் ஒருத்தரும் இறங்கித் தேடவில்லை. அளவைக்காரன் அறையில் பெட்டியும் இல்லை, துணியும் இல்லை என்று சொல்ல வந்த, அறையை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மாவை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். "அவனே ஒத்துக்கிட்டான், அப்புறம் சாட்சி எதுக்கு?" என்றார் நீதிபதி. அந்தக் கோர்ட்டில் அன்று குமாஸ்தா நீ. வாக்குமூலத்தைப் படித்ததும் நீ. ஓர் இடத்தில்கூட உனக்குக் குரல் தடுமாறவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன் என்றாய் பிறகு. உன் வேலை தப்பியது. அவர் கழுத்து தூக்குக் கயிற்றுக்குத் தப்பவில்லை.

பதினான்கு மாதம் கழித்து அந்த அளவைக்காரன் நம் வாசலில் வந்து நின்றான். வேற்றூரில் ஒருத்தியோடு இருந்திருக்கிறான், ஒத்துவரவில்லையாம். காலில் புதுச் செருப்பு. "உங்க வீட்டுக்காரர் இருக்காரா? நாளைக்கு வேலை இருக்கு" என்றான். கழுவிக்கொண்டிருந்த சட்டியை விட்டெறிந்தேன். குறி தப்பியதில் இன்றுவரை எனக்கு வருத்தம்தான். அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கோர்ட் வாசலில் நிறுத்தி, "இதோ, நீங்க தேடாத பொணம்" என்று கத்தினேன். ஊரே திரண்டது. உங்கள் சட்டம் அந்தக் கூட்டத்துக்குப் பயந்து வருகிறது, யாருக்கும் ஞானம் பிறந்து அல்ல.

அதிலும் மூன்றாம் பிரிவைப் பெருமையாக எடுத்து எழுதியிருக்கிறாய். வாக்குமூலம் நம்பத்தக்கது என்று நீதிபதி கருதினால் வேறு சாட்சியம் தேவையில்லையாம். அத்தானின் நீதிபதியும் அப்படித்தானே கருதினார்? வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துவைப்பதற்கு ஒரு சட்டமா?

நகலெழுதுகிறவனுக்கு என்ன அதிகாரம் என்பாய். அதிகாரம் வேண்டாம், வாய் இருந்தால் போதும். குழுவின் முன்னால் எழுந்து நில். நீ படித்த வாக்குமூலம் எப்படி வாங்கப்பட்டது என்று சொல். அந்தப் பிரிவை அடிக்கச் சொல்.

அதனால் வேலை போனால் நேரே இங்கே வா. உனக்குத் தட்டு வைக்கிறேன். பேசாமல் இருந்து வேலையைக் காப்பாற்றிக்கொண்டால் இந்தப் படி ஏறாதே.

மாமா எப்போது வருவார் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா