மூக்குக்கு இரண்டு சொட்டு

தம்பிக்கு,

உன் காது அடைப்பு எப்படி இருக்கிறது? மூக்கடைப்பு விட்டதா?

அப்பாவுக்கு மோசமாகிவிட்டது, உடனே கிளம்பு என்று நான் போன் செய்தபோது, "காது அடைச்சிருக்குக்கா. ஃப்ளைட் ஏறினா ஜவ்வு கிழிஞ்சிடும்னு டாக்டர் சொல்றார்" என்றாய். பதினெட்டு வருடமாகக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் நர்ஸாக இருக்கிற என் காதிலேயே பூச்சுற்றிவிட்டாய். சளிக் காலம்தானே என்று நானும் நம்பித் தொலைத்தேன். மறுநாளே ஆபீஸ் வேலையாக நீ விமானம் ஏறியதை, உன் மனைவி நேற்று வாய் தவறிச் சொன்னாள்.

அப்பா வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தார். உன் காதைப் பற்றி அவரிடம் சொன்னேன்.

"அப்ப வர வேணாம்னு சொல்லு. புள்ளைக்கு வலிக்கும். நல்ல மருந்தா பார்த்து அனுப்பு."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

அந்தச் சொட்டு மருந்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். விமானம் தரையிறங்க அரை மணி நேரம் இருக்கும்போது மூக்கில் இரண்டு சொட்டு விட்டுக்கொள். இறங்கும்போது தூங்கிவிடாதே, எச்சிலை விழுங்கிக்கொண்டே இரு.

நன்றாகக் குணமான பிறகே வா. இனி இங்கே அவசரம் ஒன்றும் இல்லை.

அக்கா