லிஃப்ட் வாசலில் நின்ற பெரியப்பா

கோயமுத்தூர்.

அன்புள்ள அம்மணி லோகப்பிரியாவுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மெல்போர்ன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க நம் குலதெய்வம் துணை நிற்கட்டும். இதைப் போனில் சொல்ல எனக்கு நா எழவில்லை, அதனால் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

நம் அபார்ட்மெண்ட்டின் பழைய லிஃப்டில் கார்டு மெஷின் வைத்ததைப் பெருமையாக உனக்குச் சொன்னேன் அல்லவா, கார்டைக் காட்டினால்தான் அது நகரும், அதுவும் அவரவர் மாடிக்கு மட்டும். வெளியாட்கள் வந்தால் கீழேயிருந்து ஸ்பீக்கரில் கூப்பிட வேண்டும், நாம் வீட்டிலிருந்தே பொத்தானை அழுத்தி மேலே வரவிடலாம். குடியிருப்புச் சங்கச் செயலாளர் என்ற முறையில் எல்லோரையும் சம்மதிக்க வைத்தவனே நான்தான். போன வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தேன், வாட்ச்மேன் சின்னான் ஸ்பீக்கரில் கூப்பிட்டு, ஊர்லயிருந்து பெரியவங்க ரெண்டு பேரு வந்திருக்காங்க என்றார். கோயில் நோம்பிக்கு நன்கொடை கேட்க வந்தவர்களாக்கும் என்று நினைத்து, யாரென்று கூடக் கேட்காமல், நான் ஊட்ல இல்லீனு சொல்லிப்போடுங்க என்றேன். அந்த ஸ்பீக்கரைச் சத்தமாக வைக்கச் சொன்னதும் நானே. கீழே நின்றது உன் பெரியப்பாவும் பெரியம்மாவும் கண்ணு. பேத்தி ரித்திகா கல்யாணத்துக்கு அழைக்க அந்தியூரிலிருந்து பஸ் மாறி வந்திருக்கிறார்கள். அவங்க வெத்தல பாக்கு பத்திரிகையோட தட்ட அப்படியே பைக்குள்ள வெச்சுட்டுப் போயிட்டாங்க, போறப்பத்தான் உங்க அண்ணன்னு சொன்னாங்க என்று சின்னான் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பத்திரிகையைச் சின்னானிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தால்கூட மனது ஆறியிருக்கும். அம்மா சோறு போடுகிறாள், முகத்தைப் பார்ப்பதில்லை.

அன்று சாயங்காலமே போன் செய்தேன். பெரியம்மாதான் எடுத்தார். பக்கத்திலிருந்து அண்ணன், நான் ஊட்ல இல்லீனு சொல்லிப்போடு என்றார். எனக்கு நன்றாகவே கேட்டது. வெட்கமாக இருக்கிறது அம்மணி. அழைக்காத கல்யாணத்துக்குப் போகவும் முடியாது, அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்தால் உறவு அத்தோடு போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை நானும் அம்மாவும் அந்தியூர் போகிறோம். குதிரைச் சந்தையில் உன்னைத் தோளில் வைத்துச் சுற்றிக்காட்டியவர், நீ கூப்பிட்டால் எடுப்பார். எனக்காக நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம், அதை நானே கேட்டுக்கொள்கிறேன். குளிரில் குழந்தையை வெளியே கொண்டுபோகாதே. நீங்கள் மூவரும் நல்லபடி வாழ எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அப்பா,
திருமலைசாமி

மறந்துவிடாதே, ஞாயிறு காலை பெரியப்பாவுக்குப் போன் செய். தம்பி வாசலில் நிற்கிறான் என்று மட்டும் சொல்.