செவலை அசையாமல் நின்றது

ஆரையம்பதி
09.06.2025

வீட்டுக்காரருக்கு,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்கிற நிலையில் நான் இல்லை. நேற்றுப் பின்னேரம் காத்தான்குடி முப்லிஹா புடவை மூட்டையோடு வந்தாள். மூட்டையை அவிழ்க்கவேயில்லை.

"இஞ்ச பாருங்க கண்ணகை, புள்ளையளக் கூட்டிக்கிட்டு பாசிக்குடாவுக்குப் போனன். அங்க உங்கட வீட்டுக்காரர் குதிரைட கழுத்தக் கட்டிப் புடிச்சி, சத்தம் போட்டு அழுறார். சனம் கூடிட்டு!"

"ஆள் மாறிப் பாத்திருப்பாய்" என்றேன். நெற்றித் தழும்பைச் சொன்னாள். கையிலிருந்த சுளகு விழுந்து அரிசி முற்றமெல்லாம் கொட்டுண்டு போனது.

நீங்களா? டெங்கு நம் பிள்ளையைக் கொண்டுபோன அன்று கண் கலங்காத மனிசனா? சவப்பெட்டி வாசலைத் தாண்டும்போது கூரைத் தகரம் திருத்த ஏணி தேடிய மனிசனா? போன வருஷம் நான் "நீங்க கல்லு" என்று கத்தினதும், "இது உன்ட சீதன வீடு, நீயே இரு" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவரா அழுதது?

என்ன நடந்தது? போனில் கேட்டால் "ம்" என்பீர்கள், வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். எழுதியே பதில் போடுங்கள்.

கண்ணகை


பாசிக்குடா
15.06.2025

நிருஷாவின் அம்மாவுக்கு,

முப்லிஹா கண்டது என்னைத்தான்.

நான் சின்னதிலிருந்து தோணியில் பழகினது வாய் திறக்காமல் இருக்கத்தான். வாவியில் ஒருக்கால் இருமினாலே மீன் கலைந்துவிடும் என்று அப்பா துடுப்பால் முதுகில் தட்டுவார். கரைக்கு வந்தும் அப்படியே இருந்துவிட்டேன் போல.

இங்கே சுற்றுலா வாற ஆட்களைக் குதிரையில் ஏற்றிக் கடற்கரையில் கூட்டிப் போகிற வேலை. செவலை என்றொரு பெண்குதிரை நிற்கிறது. எல்லாரிடமும் வரும். நான் கிட்டப் போனால் மட்டும் காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு விலகும். நானோ அது பயப்படக் கூடாதென்று சத்தமில்லாமல்தான் போவேன். அதுதான் பிழையாம். குதிரைகளின் சொந்தக்காரர் கச்சி முகம்மது விழுந்து விழுந்து சிரித்தார்.

"மூச்ச அடக்கிக்கிட்டு வாறீங்க தம்பி. அப்பிடி வாறது கடிக்க வாற மிருகம்தான். என்னத்தையாவது கதைச்சிக்கிட்டுப் போங்க."

என்னத்தைக் கதைக்க? ஒன்றும் வரவில்லை. கடைசியில் "நிருஷா" என்று வந்தது. அவள் போன நாளிலிருந்து நான் சொல்லாத பெயர். அதற்குப் பிறகு என் வாயை எனக்கே நிறுத்தத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் "அப்பா, தண்ணி" என்று கேட்டாள், அதைச் சொன்னேன். பெட்டியைப் பார்த்தால் விழுந்துவிடுவேன் என்றுதான் கூரையைப் பார்த்தேன், அதையும் சொன்னேன். செவலை விலகவில்லை. அசையாமல் நின்றது.

அவ்வளவு சத்தமும் என் நெஞ்சுக்குள்ளா கிடந்தது?

சுதாகரன்


ஆரையம்பதி
21.06.2025

வீட்டுக்காரருக்கு,

பிள்ளையின் பெயரை உங்கள் கையெழுத்தில் கண்டதும் படலையடியிலேயே குந்திவிட்டேன். "ஆருக்கும் ஏதுமாக்கா?" என்று தபால்காரத் தம்பி பயந்துபோனான்.

மறுகா கோபம் வந்தது. வராமல் இருக்குமா? குதிரையிடம் சொன்னீர்களாம், குதிரையிடம்! பக்கத்துப் பாயில் நான் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேனே, என்னிடம் ஒரு சொல் சொல்லக் கூடாதா? அவள் தண்ணீர் கேட்டது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். பெற்றவள் நான்.

வாற மாதம் ஆறாம் திகதி பிள்ளையின் திவசம். நல்லரத்தினம் அண்ணன் விடுகிறார் இல்லை. "அவன் வாறானா, இல்ல அறுத்து விடுறதா, முடிவ எடு புள்ள" என்கிறார். நானும் அதைத்தான் கேட்கிறேன். வாங்கள். வந்து, குதிரையிடம் சொன்னதில் பாதியை என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அதுகூட முடியாதென்றால் விவாகரத்துக் கடுதாசியில் ஒப்பம் வைத்துவிடுவேன்.

கண்ணகை


ஆரையம்பதி
07.07.2025

வந்தீர்கள். இடுப்பில் புதுச் சாரம், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். படையலுக்கு முன்னால் இருந்து செய்யவேண்டியதெல்லாம் செய்தீர்கள். எல்லாரையும் முற்றத்துக்கு அனுப்பிவிட்டு உங்கள் முன்னால் வந்து நின்றேன். நீங்கள் வாயைத் திறந்தீர்கள்.

"தகரம் ஒழுகுதா?"

ஐயோ கடவுளே! அதற்கா இத்தனை நாள் காத்திருந்தேன்? நீங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டீர்கள்.

இனி வரவேண்டாம். நான் ஒப்பம் வைத்துவிட்டேன். கடுதாசியை அண்ணன் கொண்டுவந்து தருவார்.

கண்ணகை


ஆரையம்பதி
16.07.2025

சுதாகரன்,

ஓம், பெயரை எழுதிவிட்டேன். வாயால் இன்னும் வராது.

கடுதாசியோடு வெளிக்கிட்ட அண்ணனை மறித்து, நானே வாங்கிக்கொண்டு நேற்று பஸ் ஏறினேன். உங்கள் முகத்தில் வீசி எறியத்தான் வந்தேன், பொய் சொல்லவில்லை. குதிரைக் கொட்டிலுக்குப் பின்னால் கிடுகு வேலி இருக்கிறதே, அதற்கு அங்கால் உங்கள் குரல் கேட்டது. நின்றுவிட்டேன்.

செவலையின் முதுகைத் தேய்த்துக்கொண்டு, "கண்ணகை" என்றீர்கள்.

கல்யாணம் கட்டின நாளிலிருந்து "இஞ்சேர்" என்பதைத் தவிர வேறொன்றும் உங்கள் வாயிலிருந்து கேட்டதில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டேன்.

"கண்ணகை, நான் தகரத்தக் கேக்க வரல்ல. நீ அழுதது எனக்குக் கேட்டது. பயத்தில அங்கால திரும்பிப் படுத்தன். புள்ள போனதோட நீயும்..." அந்த இடத்தில் நிறுத்தினீர்கள். "இல்ல, இப்பிடிச் சொல்லக் கூடா" என்று திரும்பவும் முதலிலிருந்து "கண்ணகை" என்று தொடங்கினீர்கள், சோதனைக்குப் பாடமாக்குகிற பிள்ளை மாதிரி. அந்த வாயில்லாச் சீவன் அத்தனையையும் கேட்டுக்கொண்டு நின்றது.

கூப்பிட வாயெடுத்தேன். சத்தம் வரவில்லை. பாருங்கள், எனக்கும் வரவில்லை! கடுதாசியைக் கசக்கிக்கொண்டு வந்த பாதையில் திரும்பிவிட்டேன். காலையில் அடுப்பில் வைத்தாயிற்று.

தகரம் ஒழுகத்தான் செய்கிறது, அடுப்படிப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை வாங்கள். சொல்ல வாறது பிழைத்துப்போனால் முதலிலிருந்து தொடங்குங்கள். எத்தனை தரமென்றாலும் நான் விலகமாட்டேன். அசையாமல் நிற்பேன்.

கண்ணகை