சுற்றிப் போட்ட உப்பு

அக். 9, 1979, செவ்வாய்
காலை முதல் தூறல். வெள்ளியன்று ஆய்வுக்குக் கல்வி அதிகாரி வருகிறாராம், தலைமையாசிரியர் சொன்னார். திருப்தியானால் பிளஸ் டூ அறிவியல் பிரிவு எங்கள் மலைப் பள்ளிக்கே வரும். இல்லையென்றால் பத்தாவது முடித்ததும் போளூருக்கு இறங்க வேண்டும். பையன்கள் இறங்குவார்கள். பெண்கள்? கல்யாணம்தான்.

என்னைவிட அட்டெண்டர் வெள்ளையனுக்குத்தான் பதற்றம். அவர் மகள் பச்சையம்மா என் பத்தாம் வகுப்பில் முதல். "இங்கியே வந்துட்டா படிக்க வெச்சிடுவேன் டீச்சர். கீழ அனுப்ப வூட்ல ஒத்துக்க மாட்டாங்க."

லேபில் இருப்பது: அசிட்டிக் அமிலம் கால் பாட்டில், சலவை சோடா, ஸ்பிரிட் விளக்கு ஒன்று. இதை வைத்து அதிகாரிக்கு என்னத்தைச் செய்து காட்டிக் கிழிப்பது? சோடியம் அசிட்டேட் உப்புதான்.

10, புதன்
அமிலத்தில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டேன். பொங்கி அடங்கியது. வடிகட்டி, சுண்டக் காய்ச்சி, ஆறவிட்டாச்சு. பக்கத்து வகுப்பு வரை புளித்த வாடை. மாலைக்குள் படிகம். பார்க்க அசல் கல்லுப்பு.

12, வெள்ளி
படிகத்தைக் குடுவையில் இட்டு, வெந்நீரில் வைத்து உருக்கி, மூடி, அசையாமல் ஆறவிட்டிருந்தேன். ஆறினாலும் தண்ணீராகவே நிற்கும். ஒரு படிகம் போட்டால் போதும், கண்ணெதிரே மொத்தமும் இறுகும், குடுவையும் சுடும். அதிகாரி அசந்து போவார் என்று நினைப்பு.

பத்து மணிக்கு ஜீப் சத்தம். லேபுக்கு ஓடினேன். வெள்ளையன் வெளிறிப்போய் நிற்கிறார். மிச்சப் படிகத்தை உப்பென்று ஒரு பிடி அள்ளி, குடுவைக்கு மூன்று தரம் திருஷ்டி சுற்றி, அந்தத் 'தண்ணீரிலேயே' போட்டிருக்கிறார்.

"கரையணுமே டீச்சர்... இன்னா இது, கல்லாய்ட்ச்சே!"

"எல்லாம் உன்னாலதான் கெட்டுது, போய்யா வெளியே!" கத்திவிட்டேன்.

மறுபடி உருக்கி ஆறவைக்க நேரமில்லை. நேரமிருந்தும் என்ன? அதிகாரி லேப் பக்கமே வரவில்லை. காபி குடித்தார். வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். "மழைக்கு முன்னாடி இறங்கணும்" என்று கிளம்பிவிட்டார்.

நவ. 19, திங்கள்
உத்தரவு வந்தது. பிரிவு கிடையாது. மாணவர் எண்ணிக்கை போதாதாம். லேபைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாசமாய்ப் போக.

21, புதன்
குளிர். வெள்ளையன் வெற்றிலை பாக்குடன் வந்தார். பச்சையம்மாவுக்குத் தை மாதம் கல்யாணமாம். பரீட்சையாவது எழுதட்டும் என்று கெஞ்சினேன். உத்தரவை இரண்டு தரம் படித்துக் காட்டினேன். "உங்களால ஒண்ணும் கெடல. அந்த உப்போட குணமே அதுதான்" என்றேன்.

வெள்ளையன் தலை நிமிரவில்லை. "என் கை ராசி அப்டி. அன்னிக்கு நீங்களேதான சொன்னீங்க டீச்சர்."