‘ஆமாம்’ அழுத்தாதீங்க

என்னங்க, கம்ப்யூட்டர் பக்கம் போறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

நேத்து நான் வெளியே போன நேரம் பார்த்துப் புது ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டு வச்சீங்களே, அதுல என் டைப்பிங் புரோகிராம் திறக்கவே மாட்டேன்னுச்சு. காசில்லாம இறக்கினதுதான், சின்னதுதான். ஆனா டாக்டருங்க பேசி அனுப்புறதை, காலால பெடலை மிதிச்சு நிறுத்தி நிறுத்திக் கேட்டு, பதினொரு வருஷமா அதுலதான் டைப் பண்றேன்.

காலையில இருந்து மல்லுக்கட்டி, பழைய சிஸ்டத்துல ஓடுற மாதிரி செட்டிங்கை மாத்தினேன். திறந்துச்சு. ஆனா நான் சேர்த்து வச்ச மருந்துப் பேர் பட்டியலைக் காணோம். பழைய சிஸ்டத்தோட ஃபோல்டர்ல மாட்டிக்கிட்டிருக்கு, எனக்குத் திறக்கல. எங்க அண்ணன் ஆறு மணிக்கு வந்து எடுத்துத் தர்றேன்னாரு.

அதுவரைக்கும், ‘இடம் போதவில்லை, பழைய கோப்புகளை அழிக்கலாமா?’ன்னு திரையில வந்துக்கிட்டே இருக்கும். உங்க கை சும்மா இருக்காதுன்னு தெரியும். ‘ஆமாம்’ அழுத்தாதீங்க. அழிச்சா போனது போனதுதான்.

இன்னைக்கு ரிப்போர்ட்டை ஆஸ்பத்திரியிலேயே உக்காந்து அடிச்சுக் குடுத்துட்டு வர்றேன். சாப்பாடு மூடி வச்சிருக்கேன், சுட வச்சுக்கோங்க. அண்ணன்கிட்ட யார் போட்டதுன்னு நீங்களே சொல்லிடுங்க.

‘உன் நல்லதுக்குத்தானே செஞ்சேன்’னீங்க. இருக்கட்டும்.

இன்னொண்ணு. இப்ப அந்தப் புரோகிராமைத் திறக்குறப்பல்லாம், ‘இது உங்கள் கம்ப்யூட்டரில் மாற்றம் செய்யலாமா?’ன்னு புது சிஸ்டம் என்னைக் கேக்குது.

அதுக்காவது கேக்கத் தோணுது.