குறுகிய வழி தவிர்

பிப்ரவரி 9, திங்கள்

இன்று நூற்று நாற்பது வரி தமிழாக்கம். துணி துவைக்கும் இயந்திரத்தின் திரைக்கு. "பிழி" என்று போட்டேன். கத்தரிக்குப் பிடிக்கவில்லை, மரியாதை இல்லையாம். (மேலாளரை முதுகுக்குப் பின்னால் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுகிறோம். எந்த வரியைக் கொடுத்தாலும் அம்மையாருக்கு இரண்டு எழுத்தாவது வெட்டியாக வேண்டும்.) துணிக்கு என்ன மரியாதை என்று கேட்க வாய்வரை வந்தது. "பிழிக" என்று மாற்றிவிட்டு வந்தேன்.

மாலை அக்காவோடு மருத்துவமனை. முப்பத்து மூன்றாவது வாரம். நஞ்சுக்கொடி இன்னும் கீழேயே இருக்கிறது, கருப்பை வாயை அடைத்துக்கொண்டு. டாக்டர் விரலை நீட்டிச் சொன்னார்: "ரத்தம் பட்டா யோசிக்கக் கூடாது. அரை மணி நேரத்துல இங்க இருக்கணும். அரை மணின்னா அரை மணிதான்." இப்போதே சேர்த்துக்கொள்ளுங்களேன் என்றார் அத்தான். படுக்கை இல்லை. முப்பத்தாறாவது வாரத்தில்தான் சேர்ப்பார்களாம்.

இன்னும் மூன்று வாரம். ஏற்கெனவே இரண்டு போயிருக்கிறது அக்காவுக்கு. மூன்றாவதைப் பற்றி நினைக்கவே பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 11, புதன்

அக்கா படுக்கையை விட்டு எழக் கூடாது. தண்ணீர் கேட்டால்கூட ஏதோ கடன் கேட்பதைப் போலக் கூச்சப்பட்டுக் கேட்கிறாள். அத்தான் கடையிலிருந்து மணிக்கு ஒரு தடவை பேசுகிறார். மூக்குக் கண்ணாடி பொருத்துகிறவர். இன்று இரண்டு பேருக்கு இடது கண் வில்லையை வலதில் மாட்டிவிட்டாராம்.

பிப்ரவரி 15, ஞாயிறு

வண்டி ஒத்திகை. அத்தானின் யோசனை. தலையணைகளை அக்காவாக நினைத்துப் பின்சீட்டில் கிடத்தி, வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம் என்று பார்க்க வேண்டும். அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்து, "என்னை விட அது ஒல்லியா இருக்கு" என்று சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று!

வண்டி வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. நடுவில் ஒரு திரை, அதிலேயே வழிகாட்டி. அத்தான் இன்றுதான் மொழியைத் தமிழுக்கு மாற்றினார். மாற்றியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இலக்கை அடைந்தீர்கள்", "வழி மீண்டும் கணிக்கப்படுகிறது" — என் வரிகள்! ஒன்றரை வருடத்துக்கு முன் அட்டவணையாக வந்த வேலை. எந்த நிறுவனம், எந்த வண்டி, ஒன்றும் சொல்லாமல் வெறும் வரிகளாகத் தருவார்கள். இப்போது அவை எங்கள் வண்டிக்குள் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

"அப்போ நம்ம அகராதிதான் எனக்கு வழி காட்டப்போகுதா!" என்றார் அத்தான். அகராதி என்பது எனக்கு அவர் வைத்த பேர். சொற்களோடு பிழைப்பதால் பாதி. வாய் ஜாஸ்தி என்பதால் மீதி.

பெருமை தாங்கவில்லை எனக்கு. அமைப்புகளை இருவருமாகச் சரிபார்த்தோம். மருத்துவமனையை முதல் இடமாகப் பதிந்தாயிற்று. குரலைக் கூட்டியாயிற்று. பாதைத் தெரிவுகளில் நான்கு பொத்தான்கள்: சுங்கச் சாலை தவிர், படகுப் பாதை தவிர், மண் சாலை தவிர், குறுகிய வழி தவிர். கடைசி மூன்றும் முன்கூட்டியே போட்டிருந்தன.

"இது என்ன, குறுகிய வழி தவிர்? சீக்கிரம் போற வழிய எதுக்கு தவிர்க்கணும்? நீதானே எழுதுன?"

"சுத்தி சுத்தி ஊர் பாக்கப் போறவங்களுக்கா இருக்கும். நமக்கு எதுக்கு? ஆஃப் பண்ணிடுங்க அத்தான்."

இருபத்து நான்கு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம். ஆறு நிமிடம் மிச்சம். தலையணைகள் நலம்.

பிப்ரவரி 19, வியாழன்

ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத நாள் போதும்.

பிப்ரவரி 22, ஞாயிறு

அக்கா தூங்கும்போது கால் மாட்டில் உட்கார்ந்து விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை விரிப்பு. அவள் கண்ணை மூடியபடியே, "போய் வேற வேலை இருந்தா பாரு, நான் ஒண்ணும் பால் இல்ல பொங்குறதுக்கு" என்றாள். மூன்று பேருக்குமே அது தெரிந்த பயம், பேசிக்கொள்வதில்லை.

பிப்ரவரி 25, புதன்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

நேற்று காலை எட்டே முக்கால். அத்தான் ஷூ போட்டுக்கொண்டிருந்தார். அக்கா என் பேரைச் சொன்னாள், கத்தவில்லை, சும்மா சொன்னாள். விரிப்பு முழுக்க ரத்தம்.

மூன்று நிமிடத்தில் வண்டியில் இருந்தோம். அவள் தலை என் மடியில். பெரிய சாலையில் ஏதோ குழாய் உடைந்து வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. திரையில் "வழி மீண்டும் கணிக்கப்படுகிறது". இடதுபுறம் திரும்பச் சொன்னது. அக்கா தலையைத் தூக்கி, "பெரிய ரோட்லயே போங்க, பெரிய ரோட்லயே போங்க" என்றாள். "அது நாலு நிமிஷம் கம்மியா காட்டுதும்மா" என்று அத்தான் திருப்பினார்.

முதலில் ஒரு தெரு. பிறகு அதில் பாதி. பிறகு இரண்டு பக்கமும் சுவர். கண்ணாடிகளை மடக்கினோம். வளைவு தாண்டினால் எதிரே, சந்தின் அடுத்த வாயை அடைத்துக்கொண்டு கம்பி இறக்கிக்கொண்டிருந்த லாரி. பின்னால் எங்களையே நம்பி வந்த இரண்டு வண்டிகள். கதவைத் திறக்கக்கூட இடம் இல்லை. அத்தான் ஜன்னல் வழியாக வெளியேறி ஓடினார். ஒவ்வொருத்தன் கிட்டயா கையக் கூப்பி — ஐயோ அந்த மனுஷன் அழுது நான் பாத்ததே இல்ல. பின்னாடி வண்டிக்காரன் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாம சுவத்துல இடிச்சு நின்னுட்டான். அக்கா கை சில்லுனு ஆயிடுச்சு. பேசு பேசுன்னு சொல்லிட்டே இருந்தேன். என்ன பேசச் சொன்னேன்னு தெரியல.

லாரி நகர்ந்து, போய்ச் சேர ஐம்பத்து மூன்று நிமிடம்.

பெண் குழந்தை. பிறந்ததும் அழவில்லை. மூச்சுக்கு இயந்திரம் வைத்திருக்கிறார்கள். அக்காவுக்கு ஏழு பாட்டில் ரத்தம் ஏறியது. பிழைத்துவிட்டாள். டாக்டர், "இன்னும் இருபது நிமிஷம் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்து, அத்தான் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பிப்ரவரி 28, சனி

குழந்தை இயந்திரத்திலேயே. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

அக்கா அத்தானிடம் பேசுவதில்லை. அவர் உள்ளே வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். என்னிடம் சொன்னாள்: "அவருக்கு மெஷின் மேல இருந்த நம்பிக்கை என் மேல இல்ல. பெரிய ரோட்லயே போங்கன்னு ரெண்டு தடவ சொன்னேன். நீயே சாட்சி."

நானே சாட்சி. தலையாட்டினேன். அவர் வெளியே பெஞ்சில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மார்ச் 2, திங்கள்

அலுவலகம் போனேன். வேலையில் புத்தி நிற்கவில்லை. அந்தச் சந்துக்குள் எதற்காக அனுப்பியது? கார் போனால் சிக்கிக்கொள்ளும் இடம் என்று அதற்குத் தெரியாதா? பழைய அட்டவணையைத் தேடி எடுத்தேன். "குறுகிய" என்று போட்டுத் தேடினேன். இரண்டு இடம்.

212ஆம் வரி: குறுகிய வழி. மூலத்தில் இருப்பது, தூரம் குறைவான பாதை.

347ஆம் வரி: குறுகிய வழி தவிர். மூலத்தில் இருப்பது, அகலம் குறைந்த தெருக்களைத் தவிர்.

நீளம் குறைந்தாலும் குறுகியது. அகலம் குறைந்தாலும் குறுகியது. ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டவள் நான். அதைப் படித்துத் தப்பாகப் புரிந்துகொண்டவளும் நான். நிறுத்தச் சொன்னவளும் நான்தான். மண் சாலைக்கு அடுத்த வரியில்தானே இருந்தது, அதைப் பார்த்தாவது உறைத்திருக்க வேண்டாமா!

முதலில் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்: "ஒடுங்கிய தெருக்களைத் தவிர்". நாம் எண்ணினால் பதினான்கு எழுத்து. இயந்திரம் புள்ளி, கொம்பு, சுழி, இடைவெளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணி இருபத்தாறு என்கிறது. அனுமதி இருபது. பக்கத்தில் கத்தரியின் குறிப்பு: "நீளம். சுருக்கவும்." சுருக்கிவிட்டேன். பதினேழு. அன்றைக்கு அதை வெற்றியாக நினைத்திருப்பேன், எனக்கு என்னைத் தெரியும்.

மார்ச் 3, செவ்வாய்

அக்காவை வீட்டுக்கு அழைத்து வந்தோம், குழந்தை இல்லாமல். சொல்லவில்லை.

மார்ச் 4, புதன்

உடம்பு தேறட்டும், பிறகு சொல்லலாம். இது நியாயமா, சாக்கா? சாக்குதான்.

மார்ச் 5, வியாழன்

வரியைத் திருத்த வேண்டும் என்று கத்தரியிடம் போனேன். கதவைச் சாத்தச் சொன்னார். "அது முடிஞ்ச வேலை. இப்ப நாமளே போய் தப்புன்னு சொன்னா, அஞ்சு வருஷம் செஞ்சதெல்லாம் தோண்டுவாங்க. யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

"ஆச்சு" என்றேன். முழுக்கச் சொன்னேன். கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். "அனுப்பு. என் பேரையும் போடு. சுருக்கச் சொன்னது நான்தானே" என்றார். இத்தனை வருடம் அவரை ஒழுங்காகப் பார்க்கவே இல்லையோ நான்.

மாற்று வரி தேடினேன். "சந்து பொந்து வேண்டாம்", இருபத்தொன்று. "சந்துகள் வேண்டாம்", பதினேழு. அதே பதினேழு! ஒன்றரை வருடத்துக்கு முன்னால் எங்கே போயிருந்தது இந்தச் சந்து?

மார்ச் 6, வெள்ளி

குழந்தை தானாக மூச்சு விடுகிறாள். அத்தான் ஓடிவந்து சொன்னார். அக்கா அவரைப் பார்க்காமல், "சரி" என்றாள். அவர் சிரிப்பு அப்படியே வாசலில் நின்றுவிட்டது. என்னால்தான். வேறு யாராலும் இல்லை.

மார்ச் 7, சனி

சொல்லிவிட்டேன்.

முதலில் அத்தானிடம். வண்டிக் கொட்டகையில் கீறல் விழுந்த கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அட்டவணை, இரண்டு வரி, எல்லாம் சொன்னேன். துணியைப் பிழிந்துகொண்டே, "தெரியும்மா" என்றார்.

"எப்படி?"

"மறுநாளே ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து அந்தப் பொத்தானை மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தேன். போட்டா சந்துக்குள்ள போகல. எடுத்தா போகுது. அப்பவே புரிஞ்சுடுச்சு."

"ஏன் அக்காகிட்ட சொல்லல? உங்களை இப்படிப் படுத்துறாளே!"

"என் மேல கோவப்பட்டா நீ சோறு ஊட்டுற. உன் மேலயும் கோவப்பட்டா அவ யார் கையால சாப்பிடுவா? போ அகராதி. சொல்லாத. ஆறிடும்."

அந்த நல்ல குணம் செருப்பால் அடித்ததைப் போல இருந்தது. நேராக உள்ளே போனேன். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சொன்னேன். அழக் கூடாது என்று நினைத்திருந்தேன், அதை மட்டும் செய்ய முடிந்தது. முழுக்கக் கேட்டாள்.

"உனக்கு எப்ப தெரிஞ்சுது?"

"திங்கக்கிழமை."

"இன்னிக்கு சனி."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மார்ச் 8, ஞாயிறு

என் கையால் சாப்பிடவில்லை. அத்தான் ஊட்டினார். சாப்பிட்டாள்.

மார்ச் 12, வியாழன்

நிறுவனத்திலிருந்து பதில்: "மாற்றம் ஏற்கப்பட்டது. அடுத்த புதுப்பிப்பில் சேரும்." அதுவரை ஓடும் வண்டிகளில் என் பழைய வரி இருக்கும். எத்தனை வண்டி என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை.

மார்ச் 18, புதன்

குழந்தை வீட்டுக்கு வந்தாள். தலை ஸ்கேன் நன்றாக இருக்கிறது. காது மட்டும் — சோதனையில் இரண்டு காதும் தேறவில்லை. மூச்சு தாமதமான குழந்தைகளுக்கு வருவதுண்டாம். மூன்று வாரம் கழித்து மறுபடி சோதனை. அதிலும் தேறாவிட்டால்?

மார்ச் 27, வெள்ளி

கை தட்டிப் பார்க்கிறோம். தட்டைப் போட்டுப் பார்க்கிறோம். ஒரு நாள் கண் சிமிட்டுகிறாள், ஒரு நாள் இல்லை. காற்றுக்குச் சிமிட்டினாளோ என்னவோ. நான் மாடியிலிருந்து இறங்கினால் அக்கா பேச்சை நிறுத்துகிறாள். குழந்தையைத் தூக்க நான் கேட்கவில்லை. கேட்கும் முகம் எனக்கு இல்லை.

ஏப்ரல் 6, திங்கள்

காலை பத்து மணிக்குக் காதுச் சோதனை. நான் வழக்கம்போல வாசலில் நின்று வழியனுப்பத்தான் நினைத்தேன். அக்கா குழந்தையோடு பின்சீட்டில் ஏறி, கதவைச் சாத்தாமல் வைத்துக்கொண்டு, முப்பது நாளில் முதல் தடவையாக என்னிடம் பேசினாள்.

"முன்னாடி உக்காரு. அந்தத் திரையை நிறுத்தச் சொல்லிட்டேன். நீ வாயால வழி சொல்லு."

அத்தான் என்னைப் பார்க்காமல் வண்டியை எடுத்தார். அவருக்கு வழி தெரியும். எனக்கும் தெரியும். முதல் முனை வந்தது. வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தார். "இடது" என்றேன். என் காதுக்கே கேட்கவில்லை.

"பின்னாடி கேக்கல" என்றாள் அக்கா. "எனக்குக் கேக்கற மாதிரி சத்தமா சொல்லு. புரியற மாதிரி சொல்லு."

கோபமா எனக்கு, அழுகையா, தெரியவில்லை. "இடது!" என்று கத்திவிட்டேன்.

பின்னால் குழந்தை வீறிட்டு அழுதாள்.

அத்தான் வண்டியை ஓரமாக நிறுத்தினார். யாரும் திரும்பவில்லை. அக்கா அவளைத் தட்டித் தட்டிச் சமாதானம் செய்தாள். அழுகை விக்கலாகி அடங்கியது. வேறு யாருடைய குரலோ போல, "இன்னொரு தடவ சொல்லு" என்றாள்.

திரும்பி உட்கார்ந்தேன். குழந்தை கண் மூடியிருந்தாள். சொன்னேன். சத்தத்துக்கு அவளுடைய இரண்டு கையும் விருட்டென்று விரிந்தன.

அக்கா மறுபடி சொல்லச் சொன்னாள். மறுபடியும். பின்னால் வந்தவர்கள் ஒலி எழுப்பிவிட்டுத் தாண்டிப் போனார்கள். சோதனைக்குப் பத்து நிமிடம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம்.